79 மொட்டை மாடிகள்: டையூ பகலில் சூரிய மின்சாரத்துக்கு மாறியது எப்படி?

குஜராத்தின் தென்கரையை ஒட்டி, அரபிக்கடலில் இருக்கிறது டையூ. மொத்தப் பரப்பே சுமார் 40 சதுர கிலோமீட்டர்தான். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 52 ஆயிரம். நம் பக்கத்து நகராட்சி ஒன்றில் இருக்கும் அளவு. 1961 டிசம்பர் வரை போர்ச்சுக்கீசியர் வசம் இருந்த ஊர் என்பதால், பெரும்பாலோர் அங்கே போவது அவர்கள் கட்டிய கோட்டையையும் நாகோவா கடற்கரையையும் பார்க்கத்தான். எனக்கு அந்த ஊர் மேல் ஆர்வம் வந்தது அதன் கரண்ட் பில்லால்.

2018 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு செய்திக் குறிப்பு வெளியிட்டது. பகல் நேரத்தில் முழுக்க முழுக்கப் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் இயங்கும் இந்தியாவின் முதல் நகரம் டையூ என்றது அது. அதற்கு முந்தைய ஆண்டு வரை தன் மின் தேவையில் 73 சதவீதத்தை குஜராத்திலிருந்து வாங்கிக்கொண்டிருந்த ஊர் அது. ஒரு மாநிலத்தின் கடைக்கோடியில், கம்பி வழியாக வெகுதூரம் வந்து சேரும் மின்சாரம். வழியில் ஏற்படும் இழப்பும் வாங்குபவர் தலையில்தான் விழும். அந்த நிலையிலிருந்து எப்படி மீண்டார்கள் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது, மின் கட்டணத்தில் திணறும் எந்த உள்ளாட்சிக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

செய்தது இரண்டு வேலைகள். ஃபுடாம் என்ற இடத்தில் 50 ஹெக்டேர் பாறை நிலத்தில் 9 மெகாவாட் சோலார் பூங்கா ஒன்று அமைத்தார்கள். அத்துடன் 79 அரசுக் கட்டடங்களின் மாடிகளில் மொத்தம் 1.3 மெகாவாட் அளவுக்குப் பேனல் போட்டார்கள். வீட்டுக்காரர்களுக்கும் 1 முதல் 5 கிலோவாட் வரை போட்டுக்கொள்ள 10 ஆயிரம் முதல் 50 ஆயிரம் ரூபாய் வரை மானியம் தந்தார்கள். ஊரின் பகல் உச்சத் தேவை சுமார் 7 மெகாவாட். பேனல்களின் மொத்தத் திறன் 10.3 மெகாவாட். வெயில் நன்றாக அடிக்கும் நாளில் நடுப்பகலில் தேவைக்கு மேலேயே கையில் இருக்கும்.

இந்த எண்களை அப்படியே விழுங்காமல் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இப்படிப்பட்ட திட்டங்களைப் பற்றி எழுதும்போது "ஆண்டுக்கு 1.3 மெகாவாட் உற்பத்தி" என்று எழுதிவிடுகிறார்கள். மெகாவாட் என்பது குழாயின் அகலம் மாதிரி. ஒரு நொடியில் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதைச் சொல்வது. வாளியில் எவ்வளவு சேர்ந்தது என்பதைச் சொல்வது யூனிட். நாம் பணம் கட்டுவது யூனிட்டுக்குத்தான். நம் நாட்டு வெயிலில் 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். அந்தக் கணக்கில் 79 மாடிகளும் சேர்ந்து தினமும் 5,200 யூனிட், ஆண்டுக்கு 19 லட்சம் யூனிட் தந்திருக்கும்.

ஆண்டுக்கு 13,000 டன் கார்பன் மிச்சம் என்றும் அந்தக் குறிப்பு சொன்னது. அது சரியா என்று போட்டுப் பார்த்தேன். அந்தக் காலத்தில் இந்திய கிரிடில், அதாவது நாடு முழுக்க இணைந்த மின்கம்பி வலையமைப்பில், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு சுமார் 0.82 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்பது மத்திய மின்சார ஆணையம் வைத்திருந்த கணக்கு. 13,000 டன்னை அதால் வகுத்தால் 1.58 கோடி யூனிட் வருகிறது. அதை 10,300 கிலோவாட்டுக்கும் 365 நாளுக்கும் பிரித்தால், ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 4.2 யூனிட். ஆக, பொருந்துகிறது. ஊதிப் பெருக்கிய எண் இல்லை என்று தெரிந்தபோது எனக்கு இந்தக் கதை மேல் நம்பிக்கை வந்தது.

அடுத்தது மாடிகளின் பங்கு. 10.3-இல் 1.3 என்றால் எட்டில் ஒரு பங்குதான். மீதி ஏழு பங்கும் ஒரே பாறைக்காட்டிலிருந்து வந்தது. 79 கட்டடங்களில் ஏறி, 79 இடத்தில் ஒயர் இழுத்து, 79 மீட்டர் மாற்றிக் கிடைத்ததை விட ஒரு வெற்று நிலம் பல மடங்கு தந்திருக்கிறது. அப்படியானால் மாடி வேலை வீணா என்றால், இல்லை. மாடியில் விளையும் மின்சாரம் அதே கட்டடத்தில் செலவாகிறது. கம்பியில் ஊர்வலம் போவதில்லை, நிலம் வேண்டாம், அலுவலகத்தின் பில் நேரடியாகக் குறைகிறது. ஆனால் மாடிகளை மட்டும் நம்பி ஓர் ஊரை ஓட்டிவிட முடியாது. டையூ இரண்டையும் சேர்த்துச் செய்தது. நம் ஊர்களில் மாடித் திட்டத்தோடு நிறுத்திவிட்டு, "நகராட்சி சோலாருக்கு மாறிவிட்டது" என்று பலகை வைப்பதைப் பார்க்கும்போது இந்த வித்தியாசம்தான் நினைவுக்கு வருகிறது.

சரி, ஒரு மாடியை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1,300 கிலோவாட்டை 79 கட்டடத்துக்குப் பிரித்தால் சராசரி 16.5 கிலோவாட். கிலோவாட்டுக்கு 100 சதுர அடி என்று வைத்தால் 1,650 சதுர அடி மாடி வேண்டும். நிழல் விழாத, தொட்டி மறைக்காத 1,650 சதுர அடி. அது நாளுக்குத் தருவது சுமார் 66 யூனிட். ஒன்றரை டன் ஏசி ஒன்று அலுவலக நேரம் முழுக்க ஓடினால் 10 யூனிட் போல இழுக்கும். ஆறு ஏசி ஓடும் ஓர் அலுவலகத்தின் பகல் செலவு ஏறக்குறைய அந்த மாடியிலேயே விளைந்துவிடும். அரசு அலுவலகமும் வெயிலும் ஒரே நேரத்தில் வேலைக்கு வந்து ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. வீடுகளுக்கு இந்தப் பொருத்தம் அமைவதில்லை. எல்லோரும் வீடு திரும்பி மின்விசிறி போடும் நேரத்தில் சூரியன் மறைந்திருக்கும்.

பணக் கணக்கையும் போடலாம். இது டையூவின் கணக்கு இல்லை, பொதுவான விலையில் நான் போடுவது. கிலோவாட்டுக்கு 55 ஆயிரம் ரூபாய் என்றால் 16.5 கிலோவாட்டுக்கு சுமார் 9 லட்சம். ஆண்டுக்கு 24 ஆயிரம் யூனிட் கிடைக்கும். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1 லட்சத்து 92 ஆயிரம் மிச்சம். ஐந்து ஆண்டுக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். பேனலுக்கு 25 ஆண்டு வரை உத்தரவாதம் கொடுக்கிறார்கள். பேனல் தரும் மின்சாரத்தை நாம் பயன்படுத்தும் மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரை மட்டும் நடுவில் ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். கையில் பணம் இல்லாத உள்ளாட்சிக்கு ரெஸ்கோ என்ற வழி இருக்கிறது. நிறுவனமே தன் செலவில் பேனல் போட்டுப் பராமரிக்கும். அலுவலகம் யூனிட்டுக்கு இவ்வளவு என்று 25 ஆண்டு வரை கட்டும். முதல் போட வேண்டாம், ஆனால் மிச்சமாகும் தொகையும் குறையும். கிரெடிட் கார்டில் வாங்குவது மாதிரி இது என்று சிலர் பயமுறுத்துவார்கள். அப்படி இல்லை. ஒப்பந்தத்தில் பராமரிப்பும் குறைந்தபட்ச உற்பத்தியும் எழுதப்பட்டிருந்தால், ஒரு சின்னப் பேரூராட்சிக்கு இதுதான் நிம்மதியான வழி என்பது என் கருத்து.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் மாவட்டத்தில் ஓர் அரசு அலுவலகத்தின் மாடிக்கு ஒருமுறை போயிருந்தேன். வரிசையாகப் பேனல்கள். விரலால் தடவினால் கோடு விழும் அளவுக்குப் புழுதி. கீழே படிக்கட்டு ஓரத்தில் இருந்த இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டதற்கு, அங்கிருந்தவருக்குப் பதில் தெரியவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பேனல் போட்ட அன்று யாரும் அவரிடம் இதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை. பில்லைக் கட்டுவது வேறொரு பிரிவு. பில் குறைந்தாலும் கூடினாலும் அந்தக் கட்டடத்தில் இருக்கும் ஒருவருக்கும் தெரியாது. மக்கள் பணத்தில் வாங்கிய பொருள் வெயிலில் சும்மா காய்ந்துகொண்டிருந்தது. அன்றைக்கு எனக்கு மனசு வலித்தது.

டையூவில் இந்தத் தொல்லைக்கு இடமே குறைவு. இந்த ஆய்வில் முக்கியமாக நான் சொல்ல வருவது இதைத்தான். அப்போது டாமன்–டையூ யூனியன் பிரதேசத்தின் மின்துறை என்பது அரசின் ஒரு துறை. கட்டடமும் அரசுடையது, நிலமும் அரசுடையது, மின்சாரத்தை வாங்கி வீடு வீடாக விநியோகிப்பதும் அதே அரசு. மாடியில் 10 யூனிட் கூடுதலாக விளைந்தால் குஜராத் பக்கமிருந்து 10 யூனிட் குறைவாக வாங்கலாம். அந்த லாபம் அதே கைக்கு வரும். எனவே பேனல் ஓடுகிறதா இல்லையா என்று கவலைப்பட ஆள் இருந்தது. கிரிடிலிருந்து எடுத்ததில் கிரிடுக்குக் கொடுத்ததைக் கழித்துக் கணக்குப் போடும் நெட் மீட்டர் கொடுப்பதா, எவ்வளவு கழித்துக்கொள்வது, யாருக்கு நஷ்டம் என்ற இழுபறிக்கும் வேலை இல்லாமல் போனது. நம் நகராட்சிகளில் மாடி ஒருவருடையது, மின் வாரியம் இன்னொருவருடையது. பகலில் நல்ல பில் கட்டும் வாடிக்கையாளர் கை நழுவிப் போவதை எந்த வாரியமும் விரும்பாது. அது அவர்கள் பக்கத்து நியாயம். ஆனால் அந்த நியாயத்தைக் கணக்கில் எடுக்காமல் திட்டம் போட்டால், மீட்டர் மாற்றும் விண்ணப்பம் மேசை மேசையாகச் சுற்றும்.

டையூவில் பலன் வீட்டு வாசல் வரை வந்தது. வீட்டு மின்கட்டணத்தை 2017-இல் 10 சதவீதமும் அடுத்த ஆண்டு 15 சதவீதமும் குறைத்தார்கள். கட்டணம் ஏறுவதையே பார்த்துப் பழகிய நமக்கு இது ஆச்சரியம். அரசுக் கட்டடத்தில் போட்ட பேனலால் தன் வீட்டுப் பில் குறைந்தது என்று ஒரு மீனவர் குடும்பத்துக்குத் தெரிந்தால், அந்தத் திட்டத்தை ஊரே காப்பாற்றும்.

இன்னொரு செய்தி. ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் டையூ இடம்பெற்றது 2018 ஜனவரியில். நம் ஈரோடும் அதே அறிவிப்பில் வந்ததுதான். ஆனால் டையூவின் முதல் கட்டணக் குறைப்பு அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. பட்டத்துக்காகக் காத்திருக்காமல் வேலையைத் தொடங்கிவிட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி, "பகலில் 100 சதவீதம்" என்பதன் எல்லை. இரவில் டையூ சூரியனில் ஓடுவதில்லை. குஜராத்தில் மதுவிலக்கு, டையூவில் இல்லை. விடுமுறை நாட்களில் அங்கிருந்து கூட்டம் வந்து இறங்கும். ஓட்டல் அறைகளின் ஏசியும் கடற்கரை விளக்குகளும் பொழுது சாய்ந்த பிறகுதான் முழு வேகத்தில் ஓடும். அந்த மின்சாரம் வெளியிலிருந்து வருவதுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. மேகம் மூடினால் உற்பத்தி சரிந்துவிடும். பகலில் மிஞ்சுவதை கிரிடில் விட்டு, இரவில் கிரிடிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். பெரிய கிரிட் பக்கத்தில் இருப்பதால்தான் இந்தச் சின்ன ஊர் இவ்வளவு துணிச்சலாகச் சூரியனை நம்ப முடிந்தது. இதைச் சொல்வதால் அவர்கள் செய்தது சிறிதாகிவிடாது.

இதோடு சேர்ந்த ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கிரிடோடு இணைந்த சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை பார்க்கும் ஊழியர் மீது மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காகச் செய்த பாதுகாப்பு அது. "மாடி முழுக்க பேனல் இருக்கிறது, ஃபேன் ஓடவில்லையே" என்று கேட்பவர்களுக்கு இதுதான் விளக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டி இருக்கிறது, பிரசவ அறை இருக்கிறது. அங்கே பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் சேர்த்தே வாங்க வேண்டும். கிளார்க் மேசைக்கு அது தேவையில்லை. எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே டெண்டர், ஒரே வடிவம் என்று போடுவதில் இருக்கும் ஆபத்து இங்கேதான் தெரிகிறது.

பள்ளிக்கூட மாடிகளுக்கு வேறு கதை. நல்ல விசாலமான மாடி, பக்கத்தில் உயரமான கட்டடம் இருக்காது, விளக்கும் விசிறியும் தவிரப் பெரிய செலவும் இல்லை. ஆனால் வெயில் கொளுத்தும் மே மாதத்தில் பள்ளி பூட்டிக் கிடக்கும். விளைந்ததெல்லாம் வெளியே போக வேண்டும். அதற்குக் கணக்கு வைத்துப் பணமோ யூனிட்டோ திருப்பித் தரும் ஏற்பாடு இல்லாவிட்டால், பள்ளிக்குத் திட்டத்தின் பாதிப் பலன் போய்விடும்.

மாடிகளைப் பற்றிச் சொல்லும்போது நம் ஊர்க் கட்டடங்களின் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளையும் சொல்லியாக வேண்டும். நிதி வந்தால் அடுத்த மாடி எழுப்புவோம் என்று தூண் கம்பிகளை விட்டு வைத்திருப்பார்கள். பேனல் போட்ட மூன்றாம் ஆண்டு நிதி வந்துவிட்டால் அத்தனையையும் கழற்ற வேண்டும். அப்புறம் ஒழுகும் தளம். பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைப் பொருத்தத் தளத்தில் துளை போட்டு, மழைக்காலத்தில் கீழே கோப்புகள் நனைந்தால், பழி சோலார் மேல் விழும். தளத்தைச் சரிசெய்துவிட்டுப் பேனல் போடுவது செலவுதான். ஆனால் இதைத் தள்ளிப்போட்ட இடங்களில் பிறகு இரட்டைச் செலவு.

கடலோரத்தில் உப்புக்காற்று வேறு. சாதாரண இரும்புச் சட்டம் சில ஆண்டில் துருப்பிடித்துவிடும்; நன்றாகத் துத்தநாகம் ஏற்றிய சட்டமோ அலுமினியமோ வேண்டும். காற்றின் வேகத்தையும் மறக்கக் கூடாது. 2021 மே 17 இரவு டவ்தே புயல் டையூவை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. மணிக்கு 160 முதல் 170 கிலோமீட்டர் வேகம், இடையிடையே 185 வரை. சாய்வாக நிற்கும் பேனல் என்பது காற்றுக்கு ஒரு பாய்மரம். நாகப்பட்டினத்திலோ கடலூரிலோ ஒரு நகராட்சி மாடியில் சட்டம் அமைப்பவர், விலை குறைவு என்று மெலிந்த குழாயைத் தேர்ந்தெடுத்தால் அதன் விலை ஒரு புயலில் தெரியும்.

ஒரு நகராட்சியின் கரண்ட் பில்லில் அலுவலகக் கட்டடத்தின் பங்கு உண்மையில் சிறியது. பெரும் பணம் குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் போகிறது. தெருவிளக்கு எரிவது இரவில், அதற்கு மாடிப் பேனல் நேரடியாக உதவாது. ஆனால் தண்ணீர் மோட்டாரை எப்போது போடுவது என்பது நம் கையில் இருக்கிறது. மேல்நிலைத் தொட்டியே ஒரு பேட்டரிதான். பகலில் ஏற்றி வைத்தால் காலையில் திறந்துவிடலாம். பெரிய அளவில் இதே யோசனையோடு இந்தூர் மாநகராட்சி இறங்கியது. சுமார் 70 கிலோமீட்டர் தொலைவிலிருந்து நர்மதை நீரை ஏற்றிக் கொண்டுவரும் ஊர் அது. நீரேற்றும் ஜலூத் பகுதியில் 60 மெகாவாட் சோலார் நிலையம் அமைக்க, 2023 பிப்ரவரியில் பசுமைப் பத்திரம் (சுற்றுச்சூழல் திட்டத்துக்காக வாங்கும் கடன் பத்திரம்) வெளியிட்டு 244 கோடி ரூபாய் திரட்டியது. பொதுமக்களும் அதில் பணம் போட்டார்கள்.

நம் பக்கத்திலும் ஒரு முன்னோடி இருந்திருக்கிறது, சூரியனில் இல்லை, காற்றில். மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை ஊராட்சி, ஆர். சண்முகம் தலைவராக இருந்த காலத்தில், 2006-இல் உடுமலை அருகே மைவாடியில் சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது. செலவு 1.55 கோடி ரூபாய். ஊராட்சி சேமித்து வைத்திருந்தது 40 லட்சம். மீதி வங்கிக் கடன். ஊராட்சியின் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின் வாரியத்துக்கு விற்றார்கள். ஊருக்குள் இடம் இல்லை என்று உட்காராமல், காற்று எங்கே அடிக்கிறதோ அங்கே போய் நட்டார்கள். ஃபுடாம் பாறை நிலத்துக்கும் மைவாடிக்கும் நடுவே எனக்குத் தெரிவது ஒரே யோசனைதான். இந்த ஊராட்சியைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 50 ஹெக்டேர் என்பது டையூவின் பரப்பில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். வழக்கமாக ஒரு மெகாவாட்டுக்கு 4, 5 ஏக்கர் போதும். அங்கே பாறை நிலம் என்பதால் தாராளமாக எடுக்க முடிந்திருக்கிறது. நம் நகராட்சிகளிடமும் குப்பைக் கிடங்கு மூடிய இடம், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைச் சுற்றிய காலியிடம், நீரேற்று நிலைய வளாகம் என்று சும்மா கிடக்கும் நிலம் இருக்கிறது. விளைநிலத்தைத் தொடாமல் இவற்றில் தொடங்கலாம். தொடங்கும் முன் 12 மாத பில்லையும் எடுத்து, மீட்டர் வாரியாகப் பிரித்து, எது பகலில் ஓடுகிறது, எதைப் பகலுக்கு மாற்றலாம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். இதற்கு ஆலோசனை நிறுவனம் தேவையில்லை. மின் பிரிவின் உதவிப் பொறியாளர் ஒருவரும் ஒரு வார அவகாசமும் போதும்.

டையூவின் கதை அதன் பிறகு கொஞ்சம் மாறியிருக்கிறது. 2020 ஜனவரி 26-இல் டாமன்–டையூ, தாத்ரா–நாகர் ஹவேலியோடு இணைந்து ஒரே யூனியன் பிரதேசமானது. 2022 ஏப்ரலில் மின் விநியோகம் புதிய நிறுவனத்துக்குப் போனது. அதில் 51 சதவீதப் பங்கு டோரண்ட் பவர் என்ற தனியார் நிறுவனத்துடையது. மாடி அரசிடமே இருக்கிறது, மீட்டர் வேறு கைக்குப் போய்விட்டது. 2017-லும் 2018-லும் கட்டணம் குறையக் காரணமாக இருந்த அந்த ஒரே கை இப்போது இரண்டாகியிருக்கிறது. இனி அந்த 79 மாடிகளில் ஓர் இன்வெர்ட்டர் நின்றுபோனால், அதை முதலில் கவனிக்கப்போவது யார் என்பதைத்தான் நான் அங்கே பார்க்க விரும்புகிறேன்.